உப்பும் தென்னையும் குருதிக் கொழுப்பும்

இலங்கையின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், வென்னப்புவையையும் மாரவிலையையும் கடந்து சிலாபத்தை அடையும் வரை தென்னஞ்சோலைகளின் நிழலிலேயே நடந்து செல்லலாம். சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தின் கோபுரத்தையும், அதற்கப்பால் உடப்பின் மீனவர் குடியிருப்பையும் தாண்டிப் புத்தளத்தை அணுகும்போது நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. மழை குறைந்து வெயில் மிகுந்த அந்நிலத்தில், களப்பின் ஓரமாகப் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன. தெற்கே தேங்காய், வடக்கே உப்பு, இடையே கடல் தரும் மீன்: இம்மூன்றுமே புத்தளக் கரையோரத்தின் செல்வம்.

குருதியில் கொழுப்பு மிகுதலைப் பற்றிய மருத்துவ வரலாற்றுக்கும் இக்கரையோரத்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். அவ்வரலாற்றின் ஒரு பக்கத்தில் தேங்காய் குற்றவாளியாக நிறுத்தப்பட்டது. மற்றொரு பக்கத்தில் உப்பு மருந்தின் ஊர்தியாயிற்று. இவ்விரண்டையும் ஒருசேரப் படித்தாலன்றி, குருதிக் கொழுப்பு என்பது உணவினால் மட்டும் கூடிக் குறைவதன்று, உடலின் சுரப்பிகளாலும் ஆளப்படுவது என்னும் உண்மை விளங்காது.

முதலிற் பழமையைக் காண்போம். புத்தளம் என்னும் பெயருக்குப் புதிய அளம் எனப் பொருள் கூறுவாரும் உளர். மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூத்தா 1344ஆம் ஆண்டில் இக்கரையில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். கரையிலே குவிந்து கிடந்த கறுவாத் தடிகளையும், மன்னனிடமிருந்த முத்துக்களையும் அவர் குறித்து வைத்தார். மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், கண்டி இராச்சியத்தில் நெடுங்காலம் சிறையிருந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், அவ்விராச்சியத்தின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் இத்துறையிலிருந்தே சென்றன எனக் கூறினார். மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. ஆகவே பொதிமாடுகளின் முதுகில் ஏறிய புத்தளத்து உப்பும் கருவாடும் காட்டு வழியாக மேடேறின. உப்பின் அருமையை உணர்ந்த ஒல்லாந்தர் கற்பிட்டியிலே கோட்டை கட்டி, களப்பின் வாயிலைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். 1766இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனுடன் அவர்கள் செய்த உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் அவர்களின் ஆட்சிக்குட்பட்டது. அதன்பின் மலைநாட்டாரின் உப்பு ஒல்லாந்தரின் தயவிலே தங்கியிருந்தது. ஆங்கிலேயரும் உப்பு வாணிபத்தை அரசின் தனியுரிமையாகவே வைத்துக்கொண்டனர். கற்பிட்டியிலே 1807இற் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய அகராதி நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர்த் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதிய சைமன் காசிச்செட்டி, இப்பகுதியின் ஊர்களையும் வளங்களையும் முறைப்படப் பதிவு செய்த முன்னோடியாவார்.

தென்னையின் பெருக்கம் இதற்குப் பிற்பட்டது. கரையோரக் குடிகள் தொன்றுதொட்டுத் தென்னையை வளர்த்தனரெனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே அது பெருந்தோட்டப் பயிராக விரிந்தது. கொப்பறாவும் எண்ணெயும் உலர்த்திய தேங்காய்த்துருவலும் ஏற்றுமதிப் பொருள்களாயின. ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை படகுகளைக் கொண்டு சென்றது. சிலாபம், குருநாகல், கொழும்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலப்பரப்பு தென்னை முக்கோணம் எனப் பெயர் பெற்றது. 1929இல் தென்னை ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதற்கெனத் தெரிவு செய்யப்பட்ட இடம் இம்மாவட்டத்து லுணுவில என்னும் ஊரைச் சேர்ந்த பண்டிரிப்புவத் தோட்டமாகும். சிங்கள மொழியில் லுணு என்பது உப்பையும் வில என்பது பொய்கையையும் குறிக்கும். தென்னையை ஆராயும் இடத்தின் பெயரிலே உப்பும் கலந்திருப்பது இக்கரையோரத்துக்குப் பொருத்தமே.

இனி, குருதிக் கொழுப்பின் கதையைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சிய மருத்துவர் சிலர் பித்தக் கற்களை ஆராய்ந்து, அவற்றில் மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று இருப்பதைக் கண்டனர். 1816இல் செவ்ரூல் என்னும் வேதியியலார் அதற்கு ஒரு பெயரிட்டார். பித்தம், திண்மம் என்னும் பொருள்களையுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆகிய அப்பெயரே இன்று கொலஸ்திரோல் என வழங்குகின்றது. அதே பொருள் மனிதக் குருதியிலும் உண்டென்பது பின்னர்த் தெரிந்தது. கொலஸ்திரோல் நஞ்சன்று. உயிரணுக்களின் உறைகளுக்கும், பித்த அமிலங்களுக்கும், ஆண் பெண் இயல்புகளை வகுக்கும் ஓமோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். உடலுக்கு வேண்டிய கொலஸ்திரோலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. உணவிலிருந்து வருவது சிறுபகுதியே.

1913ஆம் ஆண்டில் இரசியாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகரிலே அனிச்கோவ் என்னும் இளைய ஆய்வாளர், சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்த கொலஸ்திரோலை முயல்களுக்கு ஊட்டினார். முயல்களின் நாடிகளிலே கொழுப்புப் படிந்து சுவர்கள் தடித்தன. மாரடைப்பால் இறந்த மனிதரின் நாடிகளிற் காணப்படும் மாற்றத்தை அது பெரிதும் ஒத்திருந்தது. ஆயின் ஏனைய ஆய்வாளர் அதே சோதனையை நாய்களிற் செய்தபோது, நாடிகள் அவ்வாறு கெடவில்லை. முயலுக்கு ஒரு நியாயம், நாய்க்கு வேறொரு நியாயமா என மருத்துவ உலகம் மயங்கியது.

அம்மயக்கம் முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் நீங்கிற்று. 1946இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்ரைனரும் கெண்டாலும் நாய்களுக்குக் கொலஸ்திரோலை மட்டுமன்றி, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் தொழிலை அடக்கும் மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுத்தனர். அப்போது நாய்களின் குருதியிலே கொலஸ்திரோல் மிகவும் உயர்ந்தது. முயல்களிற் போலவே நாடிகளும் கெட்டன. உண்ட கொழுப்பைக் கையாளும் ஆற்றல் சுரப்பியின் கையில் இருந்ததை அச்சோதனை வெளிப்படுத்திற்று.

தைரொயிட்டுச் சுரப்பிக்கும் கொலஸ்திரோலுக்கும் உள்ள உறவு அதற்கு முன்னரே மனிதரிடத்தும் காணப்பட்டிருந்தது. அச்சுரப்பி தளர்ந்தவரின் குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்தும், அது மிகைபடத் தொழிற்படுவோரின் குருதியிற் குறைந்தும் இருப்பதை 1930இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மருத்துவர் வெளியிட்டனர். காரணம் என்ன என்பது மட்டும் நெடுங்காலம் தெரியவில்லை. 1974இல் பிரவுன், கோல்ட்ஸ்ரீன் என்னும் இருவர், கொலஸ்திரோலைச் சுமந்து செல்லும் துணிக்கைகளைக் குருதியிலிருந்து பற்றி உள்ளிழுக்கும் வாங்கிகள் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்காக 1985இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாங்கிகளை ஈரலில் ஆக்கும்படி தூண்டுபவற்றுள் தைரொயிட்டு ஓமோனும் ஒன்று. ஓமோன் குறைந்தால் வாங்கிகள் குறையும். வாங்கிகள் குறைந்தால் கொலஸ்திரோல் வெளியேற வழியின்றிக் குருதியிலேயே தேங்கும். துறைமுகத்திலே தோணிகள் வந்தடைந்தும், பொருளை இறக்குவார் இன்மையால் களப்பு முழுவதும் தோணிகளால் நிறைந்து நிற்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்விடத்திலேதான் புத்தளத்து உப்பு வரலாற்றினுட் புகுகின்றது. தைரொயிட்டு ஓமோனை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் வேண்டும். அது கிடையாதபோது சுரப்பி வீங்கிக் கண்டக்கழலை உண்டாகின்றது. குறை மிகக் கடுமையாயின் ஓமோனும் குன்றுகின்றது. கடலிலே அயடீன் உண்டென்பதைக் கேட்டோர், கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பிலும் அது நிறைந்திருக்குமென எண்ணுவது இயல்பே. உண்மை அதுவன்று. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் இருக்க, அயடீன் 50 அல்லது 60 மைக்கிரோகிராம் அளவே உள்ளது. அது முழுவதும் உப்பிலே தங்கிவிட்டதாகக் கொண்டாலும், ஒருவர் நாள்தோறும் உண்ணும் 5 கிராம் உப்பில் 10 மைக்கிரோகிராம்கூடத் தேறாது. உப்பு விளையும்போது அச்சிற்றளவிலும் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரோடு கழிந்துவிடும். எனவே, பல நூற்றாண்டுகளாகப் பொதிமாடுகள் சுமந்து சென்ற உப்பு மலைநாட்டாரின் உணவுக்குச் சுவை தந்ததேயன்றி, அவர்களின் கழுத்துச் சுரப்பிக்கு வேண்டியதைக் கொடுக்கவில்லை. அதனுடன் சென்ற கருவாடே ஓரளவு உதவியிருத்தல் கூடும்.

மழை மிகுந்த தென்மேற்கு நிலங்களில் மண்ணின் அயடீன் நீரோடு கழுவுண்டு போவதால், அங்கே கண்டக்கழலை பரவலாகக் காணப்பட்டது. 1980களில் பதினேழு மாவட்டங்களிற் பள்ளிச் சிறுவரைச் சோதித்த ஆய்வொன்று, அவர்களுள் ஐவரில் ஒருவருக்கு ஏறத்தாழ இவ்வீக்கம் இருந்ததைக் காட்டிற்று. சுவிற்சர்லாந்தில் 1922இலும், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1924இலும் தொடங்கிய முறையைப் பின்பற்றி, இலங்கையிலும் 1995ஆம் ஆண்டில் உணவு உப்பு யாவற்றிலும் அயடீன் சேர்க்கப்படல் வேண்டுமெனச் சட்டம் வகுக்கப்பட்டது. அதுமுதல் புத்தளத்து உப்பும் அயடீன் ஏற்றப்பட்டே கடைக்குச் செல்கின்றது. அயடீன் வெப்பத்தாலும் ஈரத்தாலும் குறையக்கூடியதாதலின், உப்பை மூடி வைத்தலும், சமையல் முடியும் தறுவாயிற் சேர்த்தலும் நன்று. அயடீன் குறை நீங்கினும் தைரொயிட்டு நோய்கள் யாவும் நீங்கிவிடவில்லை. உடலின் தற்காப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கி மெல்ல அழிக்கும் நோயொன்று உண்டு. அயடீன் போதிய அளவு கிடைக்கும் நாடுகளிற் சுரப்பித் தளர்ச்சிக்கு அதுவே பெருங்காரணம். ஆடவரினும் பெண்டிரையே அது மிகுதியாகப் பற்றும்.

இனித் தேங்காயின் வழக்குக்கு வருவோம். 1948இல் அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் என்னும் சிற்றூரிலே 5,209 பேரைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு தொடங்கியது. குருதியிற் கொலஸ்திரோல் உயர்ந்தோருக்கு மாரடைப்பு மிகுதியாக வருவதை அது எடுத்துக்காட்டியது. நிறைவுற்ற கொழுப்பு கொலஸ்திரோலை உயர்த்தும் என்பதும் வேறு ஆய்வுகளால் நிறுவப்பட்டது. தேங்காய் எண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம். இச்செய்தி பரவியதும், சொதியும் சம்பலும் பாற்கறியும் இன்றி அடுப்பெரியாத இலங்கை வீடுகளில் அச்சம் புகுந்தது.

தேங்காயின் பக்கம் நின்று பேசுவோர் பசிபிக்குத் தீவுகளைச் சான்று காட்டுவர். டொக்கலாவு, புக்காபுக்கா என்னும் இரு தீவுகளின் மக்களைப் பற்றி 1981இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டொக்கலாவு மக்கள் தமது உணவின் ஆற்றலில் 63 வீதத்தையும், புக்காபுக்கா மக்கள் 34 வீதத்தையும் தேங்காயிலிருந்து பெற்றனர். இரு தீவுகளிலும் நாடி நோய்கள் அரிதாகவே இருந்தன. ஆனால் அதே ஆய்வின் மற்றொரு முடிவைப் பலர் எடுத்துரைப்பதில்லை: தேங்காயை மிகுதியாக உண்ட டொக்கலாவு மக்களின் கொலஸ்திரோலே மற்றவரிலும் உயர்ந்திருந்தது. அத்தீவினர் மீன் உண்டனர், உடலால் உழைத்தனர், சீனியைச் சிறிதே கண்டனர். அவர்களைக் காத்தது தேங்காய் என்பதைவிட, தேங்காயைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை எனல் பொருந்தும்.

இலங்கையிலேயே பேராசிரியர் சாந்தி மெண்டிஸ் முதலியோர் செய்த ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. உணவிலுள்ள தேங்காய்க் கொழுப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக நிறைவுறாக் கொழுப்பைக் கொடுத்தபோது, குருதிக் கொலஸ்திரோல் குறைந்தது என அவர்கள் 1989இலும் 2001இலும் வெளியிட்டனர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடும், வேறு தாவர எண்ணெய்களினும் தேங்காய் எண்ணெய் தீய கொலஸ்திரோலை உயர்த்துவதையும், அதனுடன் நல்ல கொலஸ்திரோலையும் ஓரளவு உயர்த்துவதையும் காட்டியது. ஆகவே தேங்காய் முற்றாகக் குற்றமற்றது எனத் தீர்ப்பளித்தல் இயலாது. குருதிக் கொழுப்பின் குற்றம் முழுவதையும் அதன் தலையிற் சுமத்துதலும் முறையன்று. உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பு உணவின் ஆற்றலிற் பத்து வீதத்துக்கு மேற்படலாகாது என்கின்றது. அளவறிந்து உண்பதே அதன் பொருள்.

தேங்காய் முன்னும் இருந்தது. சலரோகம் இந்நாளிற் பெருகியிருப்பதே புதிது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சலரோகம் உடையோர் எனக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். சலரோகத்தைச் சீனியின் நோயென்றே பலரும் நினைப்பர். அது கொழுப்பின் நோயுமாகும். 1921இல் ரொறொன்ரோ நகரிற் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின், குருதிச் சீனியை ஆள்வதோடு, உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து வெளிப்படாதவாறும் காக்கின்றது. இன்சுலின் குறைந்தாலும், உடல் அதற்குச் செவிசாய்க்க மறுத்தாலும், வயிற்றைச் சூழ்ந்த கொழுப்பு கரைந்து ஈரலை அடைகின்றது. ஈரல் அதனை முக்கிளிசரைட்டு என்னும் கொழுப்பாக்கிக் குருதியிற் செலுத்துகின்றது. அதே வேளையில் நல்ல கொலஸ்திரோல் தாழ்கின்றது. உயர்ந்த குருதியழுத்தம், சீனி, முக்கிளிசரைட்டு ஆகியவை ஒருங்கே வருவதை 1988இல் அமெரிக்க மருத்துவர் ரீவன் ஒரே நோய்த் தொகுதியாக எடுத்துரைத்தார். இத்தகையவரிடத்து முக்கிளிசரைட்டை உயர்த்துவதில், தேங்காய்ப்பாலிலும் மேலாக, மிகுந்த சோறும் பாணும் சீனி கலந்த தேநீரும் மதுவும் உழைப்பின்மையும் பங்கு கொள்கின்றன. சிறுநீரகத்தினூடே புரதம் ஒழுகும் நோயும், அண்ணீரகச் சுரப்பியின் மிகையும், சில மருந்துகளும், பிறப்பிலேயே வாங்கிகள் குறைந்த குடும்ப மரபும் குருதிக் கொழுப்பை உயர்த்தக்கூடியவை.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதற்குரியதன்று. கரையோரத்துச் சிற்றூரொன்றில் நாற்பத்தைந்து வயதுத் தாய் ஒருத்தி இருப்பதாகக் கொள்க. சில மாதங்களாக அவளுக்கு ஓயாத சோர்வு, உடல் சற்றுப் பருக்கின்றது, தோல் வறள்கின்றது, மலச்சிக்கல் வருத்துகின்றது, வெயிற்காலத்திலும் குளிர்வது போன்றிருக்கின்றது. குருதியைச் சோதித்தபோது கொலஸ்திரோல் மிகுந்திருக்கின்றது. உறவினர் கூடி, தேங்காயை விலக்கு என்கின்றனர். அவளும் சம்பலை மறந்து, சொதியை மறந்து, வெறுங்கஞ்சி குடிக்கின்றாள். ஆறு மாதம் கழிந்தும் எண் குறையவில்லை. வாயைக் கட்டவில்லை என்ற பழியும் அவள்மேல் விழுகின்றது. அவள் செய்த தவறு யாதுமில்லை. கழுத்திலுள்ள சுரப்பி தளர்ந்திருக்கின்றது. எளிய குருதிச் சோதனை ஒன்றால் அது வெளிப்பட்டிருக்கும். குறைந்த ஓமோனை நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையாற் கொடுக்க, சோர்வும் நீங்கும், கொலஸ்திரோலும் இறங்கும். யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்து 1970களில் வெளியிட்ட பொருளின் வழிவந்த ஸ்ரற்றின் மருந்துகள், இலட்சக்கணக்கானோரை மாரடைப்பிலிருந்து காத்துள்ளன. எனினும் சுரப்பித் தளர்ச்சியைக் கவனியாது அம்மருந்தைக் கொடுத்தால், தசைகளுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதி. காரணத்தை முதலில் தேடுக என மருத்துவ நூல்கள் வலியுறுத்துவது இதனாலேயாம்.

மறுபுறம், தேங்காயின்மேற் பழி இல்லை என்று கேட்டு, மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோரும் உளர். மாரடைப்போ சலரோகமோ உள்ளவருக்கு அது பேராபத்தாகும். 2011ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் நிறுவிவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில், நோயற்றோரும் குருதிச் சீனியையும் குருதியழுத்தத்தையும் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். கடலிலும் உப்பளத்திலும் நாளெல்லாம் உழைப்போர், நாட்கூலி போய்விடுமென்று அங்கே செல்லத் தயங்குவர். ஒருநாட் கூலிக்கு அஞ்சிப் பல்லாண்டு வாழ்வை இழத்தல் நேரலாம்.

இபின் பதூத்தா கண்ட கறுவாத் தடிகள் இன்று இக்கரையில் இல்லை. பொதிமாடுகளின் மணியோசையும் அடங்கிவிட்டது. தென்னை நிற்கின்றது, உப்பு விளைகின்றது, மீனும் கரையேறுகின்றது. பண்டைக் காலத்தில் இக்கரையினின்று மேடேறிய உப்பு மன்னரின் உடன்படிக்கைகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாயிருந்தது. இன்று அது ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும், தாயின் கழுத்துச் சுரப்பிக்கும் பிறக்கவிருக்கும் சேயின் மூளைக்கும் வேண்டிய அயடீனைச் சுமந்து செல்கின்றது. தேங்காயை அளவோடும், மீனைத் தாராளமாகவும், உப்பைச் சிறிதாயினும் அயடீன் சேர்ந்ததாகவும் உண்டு, உடம்பின் சுரப்பிகள் நலமாயுள்ளனவா எனக் காலத்தோடு சோதித்துக்கொள்வாராயின், இக்கரையோர மக்கள் தம் நிலத்தின் செல்வத்தை அச்சமின்றி அனுபவிக்கலாம்.